கலைத் தத்துவத்தில் இலக்கியம்: கேள்வி பதில்

கேள்வி (ஓவிய ஆசிரியர்): ஓவியத்தைக் கண் காண்கிறது, இசையைக் காது கேட்கிறது. அச்செழுத்தில் புலன் சுவைப்பதற்கு என்ன இருக்கிறது?

பதில்: ஐயா, கலைத் தத்துவத்தை இலக்கியம் திணற வைப்பது இந்த இடத்தில்தான். நிறமும் சுரமும் தமக்கென்று பொருள் இல்லாமல் கலைஞனிடம் வருகின்றன. சொல்லோ சந்தையில் விலை பேசியும் வீட்டில் சண்டையிட்டும் பழகிய பொருளோடு வருகிறது. புலனுக்குரிய பருப்பொருளை மிகக் குறைவாகச் சார்ந்திருப்பதாலேயே ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் கவிதையைக் கலைகளின் உச்சியில் வைத்தார். அவருக்கு முன்பே, 1790இல், இன்னொரு ஜெர்மானியத் தத்துவவாதியான காண்டும் அதற்கு முதலிடம் தந்திருந்தார். இவ்வாறு படிவரிசை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓசை இல்லாமல் கவிதை ஏது?

கேள்வி (கல்லூரி மாணவி): கவிதை என்பது பேசும் ஓவியம் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அது சரியா, ஐயா?

பதில்: அந்தப் பழைய கருத்தை ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766இலேயே மறுத்துவிட்டார், அம்மா. 1506இல் ரோமில் தோண்டியெடுத்த லாவக்கூன் சிலையில், பாம்புகள் சுற்றி இறுக்கும் பூசாரியின் வாய் சற்றே திறந்திருக்கிறது. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்திலோ அவன் வானதிரக் கதறுகிறான். கதறல் கவிதையில் ஓர் அடியோடு கடந்துவிடும், கல்லில் பிளந்த வாயோ என்றென்றைக்கும் பிளந்தே நிற்கும் என்பது லெஸ்ஸிங்கின் விளக்கம். ஆயினும் கவிதை காலத்தில் நகர்வது, ஓவியமும் சிலையும் இடத்தில் நிற்பவை என்ற அவருடைய பிரிவினை மட்டும் போதாது என்பேன். குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கி மூன்று கேள்விகளை அடுக்கிய பிறகு, ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற உவமை வருகிறது. செம்மண்ணில் மழை விழுவதை வரையலாம், காதலர் இருவரையும் வரையலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ‘போல’ என்ற சொல்லுக்கு எந்த நிறத்தைக் குழைப்பது? பாடியவரின் இயற்பெயர் மறைந்து, செம்புலப்பெயனீரார் என்று அந்தத் தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது.

கேள்வி (வாசகர்): கற்பனை மாந்தருக்காக நாம் அழுவது அறிவுக்கு ஒத்ததா?

பதில்: அது முரண்பாடு என்று 1975இல் தத்துவவாதி ராட்ஃபோர்டு வாதிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. இரக்கப்படுவதற்கு அந்த மாந்தர் உண்மையில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி (நூலகர்): ஓவியத்துக்கு அசல் உண்டு. கவிதைக்கு அசல் எது?

பதில்: ஓவியத்தை அச்சு அசலாக வரைந்தாலும் அது போலிதான், கவிதையை எழுத்துப் பிசகாமல் படியெடுத்தால் அதுவும் அந்தக் கவிதையே என்று 1968இல் அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் வேறுபடுத்திக் காட்டினார். அருமையான பார்வைதான், ஆனால் எது சரியான எழுத்து என்பது முன்பே முடிவாகிவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. நம் பழைய ஏடுகளில் புள்ளி இராது, குறில் எகர ஒகரங்களை நெடிலிலிருந்து பிரிக்கும் அடையாளமும் இராது. ஆகவே ‘கொடு’, ‘கோடு’ இரண்டும் ஓலையில் ஒரே வடிவம். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. போன்றோர் பொருளும் யாப்பும் அறிந்து தீர்மானித்த பிறகே, நாம் பிசகாமல் படியெடுப்பதற்கு ஒரு சொல்வரிசை கிடைத்தது.