மறுமொழி: 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது

வணக்கம். புது 4கே மானிட்டரை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்ததிலிருந்து மவுஸ் திணறுகிறது என்கிறீர்கள். மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் காரணம் பெரும்பாலும் லேப்டாப்தான். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யில் அதற்கு மேல் தராது. 60 வேண்டுமென்றால் 2.0 தேவை. கேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை.

லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் டிஸ்பிளேபோர்ட் வசதி (மானிட்டருக்குப் படம் அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று மாடல் விவரத்தில் தேடுங்கள். இருந்தால் டைப்-சி டிஸ்பிளேபோர்ட் கேபிள் வாங்கி நேரடியாக இணையுங்கள். ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் கருவி) வேண்டாம், பல ஹப்கள் பாதி லேன்களை (தரவு செல்லும் பாதைகளை) யுஎஸ்பிக்கு ஒதுக்கிவிடுவதால் மறுபடியும் 30-இல் வந்து நிற்கும். அதுவரை 4கே-யைவிடக் குறைந்த ரெசல்யூஷனான 1440பி, 60 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனால் மவுஸ் சொன்னபடி கேட்கும்.