கவிச்சி வாடைக்குக் காரணம் அழுக்கு அல்ல

கே: வயது 19. அடிக்கடி வெள்ளைப்படுகிறது. உடம்பு இளைத்துவிடுமா? (வில்லியனூர்)

ப: இளைக்காது. அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை இல்லாவிட்டால் இயல்பானதுதான். சத்து வெளியேறுகிறது என்பது கட்டுக்கதை.

கே: மூன்று மாதமாகப் பிறப்புறுப்பில் மீன் கவிச்சி வாடை. தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி கலந்து உள்ளே கழுவியும் போகவில்லை, இப்போது எரிகிறது. (நெல்லிக்குப்பம்)

ப: கழுவுவதால்தான் போகவில்லை, அம்மா! உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து, அந்த இடத்தைப் புளிப்பாக, பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்) 4 அளவில் வைத்திருக்கிறது. நீங்கள் கழுவக் கழுவ அது அழிகிறது. வேறு பாக்டீரியாக்கள் பெருகி கவிச்சி அடிக்கிறது. ரத்தமும் விந்துவும் காரத்தன்மை உள்ளவை என்பதால் மாதவிலக்கு, உடலுறவுக்குப் பிறகு வாடை கூடும்.

இது அழுக்கால் வருவதில்லை. ‘ஒழுங்காகக் குளிக்கிறாயா?’ என்று வீட்டில் கேட்டே பெண்களைக் கூனிக்குறுக வைக்கிறார்கள். அந்த வெட்கத்தை வைத்துத்தான் வாசனை திரவம் விற்கிறார்கள். வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம். மருத்துவர் பார்த்துவிட்டு மெட்ரோனிடசோல் என்ற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை ஏழு நாள் தருவார். நடுவில் நிறுத்தாதீர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். அப்போதும் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கே: தயிர்த் திப்பி போல் படுகிறது, அரிப்பு. மாத்திரை போட்டும் திரும்ப வந்துவிட்டது. (திருப்பாதிரிப்புலியூர்)

ப: என்ன மாத்திரை, எத்தனை நாள்? எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படி? பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள். மறுபடி சொல்கிறேன், மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

கே: திருமணமாகி நான்கு மாதம். உறவின்போது தாங்க முடியாத வலி. பயம்தான் காரணம் என்கிறார் கணவர். (அரியாங்குப்பம்)

ப: பயத்தால் தசை தானாக இறுகிக்கொள்வதும் உண்மையான வலிதான், பயிற்சியில் சரியாகும். தொற்று, வறட்சி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) எனக் காரணம் வேறாகவும் இருக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனை பக்கம்தானே, போய்க் காட்டுங்கள்.

கே: அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது. கல்யாணம் ஆகவில்லை, டாக்டரிடம் போகக் கூச்சம். (பண்ருட்டி)

ப: இன்றே போங்கள். கர்ப்பப்பைக் குழாய் வரை தொற்று ஏறியிருக்கலாம். வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுக்கலாம். உங்கள் சம்மதமில்லாமல் உள்ளே சோதிக்க மாட்டார்கள்.

கே: நாப்கின் எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? (முத்தியால்பேட்டை)

ப: நான்கிலிருந்து ஆறு மணி நேரம். குறைவாகப் பட்டாலும் அப்படித்தான்.