'இன்ட்ரஸ்டட் சார்' என்று எழுதினால் வேலை வந்துவிடுமா?

அம்மா, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, "வேலை தேடுறேன்னு சொல்லி எந்நேரமும் போன்லயே கிடக்கான் சார்" என்று உங்கள் பையனைப் பற்றி வருத்தப்பட்டீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

அவன் பொய் சொல்லவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். வேலை தேடுகிறவர்கள் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் ஒரே நாளில் 23 வேலை அறிவிப்புகளுக்குக் கீழே 'இன்ட்ரஸ்டட் சார்' என்று எழுதியிருக்கிறான். சரி, அதைப் பார்த்து ஒருவர் அவன் பக்கத்தைத் திறக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பெயர், கல்லூரி, கூலிங் கிளாஸ் போட்ட ஒரு படம், அவ்வளவுதான் இருக்கிறது. இவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? புதிதாக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேலை வேண்டும் என்று நூறு இடத்தில் சொல்கிறார்கள், செய்த வேலையை ஓர் இடத்திலும் காட்டுவதில்லை.

தேவனாம்பட்டினத்து மாணவன் ஒருவனைச் சொல்கிறேன். வீடியோ எடுப்பதில்தான் ஆசை. இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக் என்று எல்லாவற்றிலும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கி, ஊரே போடுகிற சினிமாப் பாட்டு ரீல்ஸையே இவனும் போட்டான். மூன்று மாதத்தில் சோர்ந்துவிட்டான். ஒன்றை மட்டும் வைத்துக்கொள், உன் வீட்டைச் சுற்றி இருப்பதை எடு என்றேன். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதே, அவன் அப்பா கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கிழிந்த கண்ணியை அவர் விரல்கள் எப்படி முடிச்சுப் போட்டுச் சேர்க்கின்றன என்று 40 விநாடி எடுத்து, தன் குரலிலேயே விளக்கினான். கீழே கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினான். அதைப் பார்த்த ஒரு கருவாட்டுக் கடைக்காரர் தன் கடைக்கும் எடுத்துத் தரச் சொன்னார். பயோடேட்டாவில் அவன் எழுதிய முதல் வேலை அதுதான்.

உங்கள் பையன் பி.காம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி தெரியும் என்கிறான். கற்பனையாக ஒரு மளிகைக் கடையை வைத்து ஒரு மாதக் கணக்கை எக்செல்லில் போடட்டும். எங்கே தவறு வந்தது, எப்படிச் சரிசெய்தான் என்று பத்து வரி எழுதிப் போடட்டும். அவன் சித்தப்பா கடையின் நிஜ பில்லை மட்டும் எடுத்துப் போட வேண்டாம். அடுத்தவர் கணக்கை வெளியே விடுகிறவனை யாரும் கணக்குப் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள்.

பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தெரியும்படி மதிப்பெண் பட்டியலைப் போட்டிருக்கிறான், அதை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கும் யோசனையும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே பயம். வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் ஆள் பிடிக்கிறார்கள். முதலில் நூறு, இருநூறு கணக்கில் ஏறும், நம்பிக்கை வரும். அப்புறம் 'முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்' என்பார்கள். கட்டியது திரும்பி வராது. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்துதான் பல பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் வாயைத் திறப்பதில்லை, அம்மா.

அதனால் போனைப் பிடுங்காதீர்கள். வருகிற புதன்கிழமை சாயங்காலம் தம்பியைத் தனியாக அனுப்புங்கள். அந்த மளிகைக் கடைக் கணக்கோடு வரட்டும், முதல் பதிவை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுகிறோம்.