எஸ்.டி.பி. செலவை ஈடுகட்ட வழி உண்டா?

கேள்வி: சென்னையில் 120 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீரை ஃப்ளஷுக்கு விட்டோம், நாற்றம் தாங்காமல் நிறுத்திவிட்டோம். இப்போது அது சாக்கடைக்குப் போகிறது. கரண்ட் பில்லும் ஆபரேட்டர் சம்பளமும்தான் மிச்சம். பயோகேஸ் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: ஆகாது. கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற பெரிய நிலையங்களில் கசடை மூடிய தொட்டியில் செரிக்கவைத்து, வரும் மீத்தேனில் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே வருவது தினமும் கோடிக்கணக்கான லிட்டர். உங்களுக்கு, வீட்டுக்கு 4 பேர் என்றால், சுமார் 50,000 லிட்டர். அதிலும் தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரமான ப்ளோயரின் காற்றில் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் கசடில் கேஸ் சொற்பமாகத்தான் கிடைக்கும்.

உங்கள் பணம் சாக்கடைக்குப் போகும் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. ஃப்ளஷுக்கு ஆளுக்குத் தினம் 45 லிட்டர் என்பது கட்டட விதிகளில் உள்ள கணக்கு. 480 பேருக்கு 21,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. கோடையில் லாரிக்குக் கொடுத்த ரசீதை எடுத்து ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கொடுங்கையூரில் தினம் 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையம் 2019இல் வந்தது. மணலி தொழிற்சாலைகள் அந்தத் தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன.

ஆக, நாற்றத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. இரவில் கரண்ட் மிச்சம் பிடிக்க ப்ளோயரை அணைக்கிறார்களா என்று விசாரியுங்கள். பல இடங்களில் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. காற்று நின்றால் நுண்ணுயிர்கள் செத்துத் தொட்டி கறுத்துவிடும். ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் காற்றூட்டும் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண் நிறக் கசடு அடியில் படிந்து மேலே தெளிந்தால் நல்லது. கறுப்பாக, அழுகல் வாடையோடு கலங்கியே இருந்தால் காற்று போதவில்லை. அப்புறம், வடிகட்டி வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி இறுக மூடி இரண்டு நாள் வெயில் படாமல் வையுங்கள். திறந்ததும் நாறினால் அதில் இன்னும் அழுக்கு மிச்சமிருக்கிறது, குளோரின் ஊற்றி மறைப்பதில் பயனில்லை.

கரண்ட் செலவைக் குறைக்க ப்ளோயரை அணைக்காமல் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றால் போதும். மிஞ்சும் தண்ணீரை வெளியே விற்பதென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

கசடைப் பிழிந்து காயவைத்து, சருகோடு மக்கவைத்தால் மரங்களுக்குப் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். கசடுத் தொட்டியைச் சுத்தம் செய்ய மட்டும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவையும் உங்கள் ஆண்டுக் கணக்கில் இப்போதே எழுதிவையுங்கள்.