டிசபிலிட்டி பென்ஷன் மறுத்துவிட்டார்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன், இப்போது காரைக்குடியில். பணியால் வந்த ஊனத்துக்கும் நோய்க்கும் தரும் டிசபிலிட்டி பென்ஷன் பற்றி நம் பக்கத்து முன்னாள் படைவீரர்களும் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கல்லலிலிருந்து: அண்ணே, பிரஷருக்கு மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம் என்று போட்டும் பென்ஷன் இல்லை என்கிறார்களே?

தம்பி, 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் போதாது. போர்டு பேப்பரில் நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்று கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள், உங்கள் சண்டை அந்தக் கட்டத்தோடுதான். சேரும்போது உங்கள் மெடிக்கலில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால் அது பணியில் வந்ததாகத்தான் கொள்ளவேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர் என்றால் புதிய விதிகள், அதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: அவருக்கு மனநோய் என்று அனுப்பிவிட்டார்கள். பிறவிக்கூறு என்று எழுதியிருக்கிறது. ராத்திரியெல்லாம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா, நீங்கள் அனுப்பிய போர்டு பேப்பரை மூன்று தடவை படித்தேன். ஸ்டேப்லர் பின் துருவேறிய அந்த நாலாம் பக்கத்தில், காரணம் எழுதவேண்டிய இடத்தில், 'கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்', அதாவது பிறவிக்கூறு, என்று ஒரே வரி. பன்னிரண்டு வருஷம் நல்லபடியாக வேலை பார்த்த மனுஷனுக்கு ஒரு வரியில் முடிவு கட்டியிருக்கிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் சொல்லாத போர்டு கருத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று 2013-இல் வீர்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபரிசோதனைக்கே உத்தரவிட்டது, அதுவும் மனநோய் வழக்குதான். அதனால் முதல் வேலை, அவருடைய சர்வீஸ் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போடுங்கள்: சேர்ந்தபோதைய மெடிக்கல், ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், கமாண்டிங் ஆபீசர் எழுதிய ரிப்போர்ட், எல்லாம் வேண்டும். நோய் முதலில் தலைகாட்டிய மாதத்தில் அவர் எந்த இடத்தில் டூட்டியில் இருந்தார் என்று தேதியோடு எழுதுங்கள். தூங்காமல் இருப்பதை, திடுக்கிட்டு எழுவதை, நீங்கள் கண்ணால் பார்த்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இப்போது காட்டும் டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காலில் குண்டு பாய்ந்த மாதிரிதான் இதுவும்.

பள்ளத்தூரிலிருந்து: பீரங்கிப் படையில் இருந்தேன், காது 20 சதவீதம். 50 ஆக்குவார்களாமே?

ஆமாம், பணியோடு தொடர்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால். 20-லிருந்து 50-க்குள் இருந்தால் 50 என்று கணக்கிடுவார்கள். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்பது 2014 டிசம்பர் ராம் அவதார் தீர்ப்பு.

அதே அண்ணன்: முதுகு 20, காது 20, மொத்தம் 40 தானே?

அப்படிக் கூட்டிவிட மாட்டார்கள். போர்டு சேர்த்து ஒரு சதவீதம் போடும், அதைப் பாருங்கள்.

கண்டனூரிலிருந்து: மறுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இனி முடியுமா?

முடியும். முறைப்படி மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், அப்புறம் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிப்பு மனு சேர்க்கலாம். ஆனால் நிலுவைப் பென்ஷன் பணம் பெரும்பாலும் வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் வரும், 2008 தர்சேம் சிங் தீர்ப்பு அப்படி. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது. திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓ என்ற பென்ஷன் ஆணையையும் எடுத்துக்கொண்டு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.