மருத்துவ இடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

சீனாவின் சான்சி மாகாணத்தில் மகளுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் இருக்கிறது, அவளுடைய பெரியப்பாவும் வற்புறுத்துகிறார், வீட்டை அடகு வைத்து முன்பணம் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளோ அதே மாகாணத்துப் பிங்யாவ் நகரின் வீதி வரைபடத்திலேயே மூழ்கிக் கிடக்கிறாள் என்று வருந்தியும் இருக்கிறீர்கள். ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை, பணம் கட்டாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி வெளிநாட்டில் 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் முடித்த பின்னரும் இங்கே தகுதித் தேர்வு உண்டு. விருப்பமில்லாத பெண்ணுக்காக வீட்டை அடகு வைத்து வாங்கும் அந்தக் கடனைப் பெரியப்பா அடைக்கப் போவதில்லை.

அவள் பார்ப்பது பொழுதுபோக்கு அன்று. சுமார் 6 கிலோமீட்டர் மதில் சூழ்ந்த பழைய பிங்யாவில் 4 பெருவீதிகள், 8 சிறுவீதிகள், 72 சந்துகள் என்பது ஊர்வழக்கு. ஆனால் 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்துக்குப் பின் சீன உள்ளாட்சிகள் நிலக் குத்தகை வருவாயை நம்பத் தொடங்கியதால், பல சிறு நகரங்களின் புதிய பகுதிகள் அகன்ற சாலைகளும் சுற்றுச்சுவர் கொண்ட பெருங்குடியிருப்புகளுமாகப் பரவின. எதிர்வீட்டுக்குக்கூடச் சுற்றித்தான் போகவேண்டும். இதை மாற்றவே 2016இல் சீன அரசு, நகரப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் சாலை என்ற இலக்கை 2020க்கு வைத்தது.

இந்த வேறுபாட்டை அளக்கலாம். ஒரு சந்திக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வீதித் துண்டுகளின் எண்ணிக்கையைச் சந்திகளும் முட்டுச்சந்து முனைகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால், கட்டம் கட்டமான ஊரில் விடை 2ஐ நெருங்கும், முட்டுச்சந்துகள் மிகுந்தால் 1ஐ ஒட்டி இறங்கும். நகரம் நிலத்தைத் தின்னும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தோடு ஒப்பிடுவது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்னும் குறியீடு, ஒன்றைத் தாண்டினால், ஆள் பெருகுவதைவிட வேகமாக நிலம் கட்டடமாகிறது என்று பொருள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தின் தரவும், வரைபடங்களை அலசும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம் என்பதால், பிங்யாவின் மதிலுக்கு உள்ளும் புறமும் இக்கணக்கை அவளே போட்டுப் பார்க்கலாம்.

இதைத் தொழிலாகக் கற்பிப்பது நான்காண்டு பி.பிளான் என்னும் நகரத் திட்டமிடல் பட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் பள்ளிகளில் சேர ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாளை எழுத வேண்டும். தொடக்கச் சம்பளம் உறவினர்களை வாயடைக்கச் செய்யாது என்பதையும் மறைக்க மாட்டேன். அவள் போட்ட கணக்கையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, பெரியப்பா இல்லாமல், மூவரும் வாருங்கள்.