கடைசி விளக்கு மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி (அம்பாசமுத்திரம்): தார்சாவில் 12 வோல்ட், 5 ஆம்ப் அடாப்டர் வைத்து, தொழுவம் வரை 4 மீட்டருக்கு ஒன்றாக 8 எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 5 வாட், ஒயர் 0.75 சதுர மி.மீ. முதல் மூன்றும் பளிச்சென்று எரிகின்றன. கடைசி இரண்டும் மின்மினி மாதிரி இருக்கின்றன. 10 ஆம்ப் அடாப்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். எட்டுக்கும் சேர்த்து 40 வாட், அதாவது 3.3 ஆம்ப். இருக்கிற அடாப்டரே தாங்கும். கோளாறு ஒயரில். இந்தக் கனத்துச் செம்பு ஒயருக்கு, போக வர இரண்டு இழையும் சேர்த்து மீட்டருக்கு 0.052 ஓம் தடை. முதல் 4 மீட்டரில் எட்டு விளக்கின் கரண்டும் ஓடுகிறது, அடுத்த 4 மீட்டரில் ஏழின் கரண்ட். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி விளக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் சுமார் 3 வோல்ட் கரைந்துவிடும். 230 வோல்ட்டில் 3 குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12இல் அது கால் பங்கு. விளக்குகள் எரியும்போதே கடைசி முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றே காட்டி ஏமாற்றும்.

2.5 சதுர மி.மீ. ஒயராக மாற்றினால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கும். தொழுவத்தில் ஏற்கெனவே கரண்ட் இருந்தால் ஒயரை மாற்றவே வேண்டாம். அங்கே நனையாத உயரத்தில் 12 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர் ஒன்று வைத்து, நான்காவது விளக்குக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இரண்டு இழையையும் வெட்டிவிடுங்கள். பக்கத்துக்கு நான்கு விளக்கு. அப்போதும் இழப்பு 1 வோல்ட்டைத் தாண்டாது. வெட்டாமல் விட்டால் இரண்டு அடாப்டரும் ஒன்றோடொன்று மோதும், அதைச் செய்யாதீர்கள். தொழுவத் தரை எப்போதும் ஈரம், மாடு மனிதரைவிடச் சீக்கிரம் ஷாக்குக்குப் பலியாகும். அந்த 230 வோல்ட் லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

புதிதாகப் போடுகிறவர்கள் 24 வோல்ட் விளக்காகவே வாங்குங்கள். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகும்.

கேள்வி (தென்காசி): 12 வோல்ட் விளக்கு ஒயரின் ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்தேன். சாரல் சீசன் முடிவதற்குள் செம்பு பச்சையாகி அறுந்துவிட்டது. ஏன்?

பதில்: அந்த டேப் கரண்டைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. இது டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) என்பதால் ஈரம் புகுந்ததும் பாசிட்டிவ் பக்கச் செம்பு கரைய ஆரம்பிக்கும். உறைக்குள்ளும் கறுப்பு ஏறியிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னால் வெட்டுங்கள். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது) போடுங்கள். பசை இல்லாத சாதாரணக் குழாய் போதாது. ஜாயின்ட்டை மண்ணுக்குள் விடாமல் தரைக்கு மேலே பெட்டியில் வைத்து, ஒயரைக் கீழே தொங்கவிட்டு அடிப்பக்கமாக உள்ளே ஏற்றுங்கள். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி (திசையன்விளை): 12 வோல்ட்தானே, பைப் இல்லாமல் தேரி மணலில் புதைக்கலாமா?

பதில்: ஷாக் அடிக்காது. ஆனால் எலி கடிக்கும், மம்பட்டி வெட்டும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து ஒயர் வெளியே வந்தால் வெயிலில் உறை வெடித்துவிடும். 20 மி.மீ. பி.வி.சி. பைப்பில் ஓர் அடி ஆழத்தில் போடுங்கள்.